ஒரு சொட்டு மழையும் உள்ளே போகவில்லை

மழைக்கு நான் பயந்தவன் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கடைசி வரிக்கு வந்தபிறகு சொன்னால் ஒருவரும் நம்பமாட்டீர்கள்.

மெல்பேர்னில் என்னைத் தெரியாத தமிழர் குறைவு. இருந்தாலும் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த தொடர்பு முடிந்தது. (அவர்கள் என்னைத் தேடவுமில்லை, நான் திரும்பிப் பார்க்கவுமில்லை.) இந்த நாட்டில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'யெஸ்', 'நோ', 'டுமோறோ' மூன்றுதான். அந்த மூன்றையும் நிலம் துடைக்கிற ஒரு மொப்பையும் வைத்துக்கொண்டு தொடங்கினேன். இன்று ஸ்பிரிங்வேலில் சொந்தத் துப்புரவுக் கம்பெனி, பதினான்கு பேருக்கு வேலை, நான்கு வான் வண்டி. நான்கிலும் 'தங்கராசா' என்று என் பெயர், அரை மைல் தூரத்தில் நின்றாலும் வாசிக்கலாம்.

அப்பேர்ப்பட்ட நான், மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முதன்முதலாகப் போன ஒரு வீட்டு வாசலில், மீன் வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டி வெளியே எடுக்கப்பட்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் கார். சரியாகச் சொன்னால், இல்லாத ஒரு கார்.

என் ஒரே மகள் துளசி ஒருநாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு முன்னால் இருந்த கதிரையில் இருந்தாள். அவள் தேத்தண்ணி கொண்டுவந்தால் ஏதோ பெரிய விசயம்.

"அப்பா, நான் ஒராளை விரும்புறன். பேர் நிரோஷன். எங்கட ஆக்கள்தான். கொம்பியூட்டர் வேலை. அவற்ற அப்பா ஊரில கணக்கு மாஸ்டராய் இருந்தவர்."

கணக்கு மாஸ்டர் என்றதும் எடுத்த தேத்தண்ணியைத் திரும்ப வைத்துவிட்டேன். (கணக்கு மாஸ்டர்மாரால்தான் நான் எட்டாம் வகுப்போடு நின்றேன்.) நம்முடைய ஆட்கள் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"என்ன கார் ஓடுறார்?"

"கார் இல்லையப்பா. சைக்கிள்."

"மோட்டச் சைக்கிளோ?"

"இல்லை. உழக்கிற சைக்கிள்."

"லைசென்ஸ் இல்லையோ?"

"இருக்கு."

"வாங்க வசதியில்லையோ?"

"இருக்கப்பா. விருப்பமில்லை."

இத்தனை வருடத்தில் எத்தனை விதமான மனிதரைப் பார்த்திருக்கிறேன். கார் வாங்க விருப்பமில்லாத தமிழனைக் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான். எழும்பி நடக்கத் தொடங்கினேன். எனக்குக் கோபம் வந்தால் இருக்க முடியாது, குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் நடப்பேன்.

"கொட்டுற மழையில என்ர பிள்ளையைச் சைக்கிள் கரியரில ஏத்திக்கொண்டு போகப்போறாரோ? விண்டருக்கு என்ன செய்வாராம்? நனைஞ்ச கோழி மாதிரி வந்து நிப்பாரோ?"

"அவர் நனையிறேல்லை. விண்டர் முழுக்க மழையிலதான் வேலைக்குப் போறவர். அதுக்கொரு முறை இருக்கு. உள்ளுக்கு மெல்லிய கம்பளி, வெளியில மூச்சு விடுற ஜக்கெற்."

"என்ன விடுற ஜக்கெற்?"

"மூச்சு விடுற. வெளித்தண்ணி உள்ள வராது, உள்ளுக்க இருக்கிற ஆவி வெளியில போகும்."

"என்ர வாழ்க்கையில மூச்சு விடுற மனிசி ஒராள் இருக்கிறா. அது காணும் எனக்கு. உடுப்பும் மூச்சு விடத் தேவையில்லை!"

குசினிக்குள் இருந்த என் மனைவி பவானி பெரிதாக ஒரு மூச்சு விட்டது ஹோல்வரை கேட்டது.

நான் நிறுத்தவில்லை. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில், மாரி மழையில், தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு ஊர் ஊராகச் சைக்கிள் ஓடியதைச் சொன்னேன். அந்த உரப்பை மூச்சு விட்டதா? இல்லை. நான் செத்தேனா? இல்லை. தூறலுக்கே ஆயிரம் சாமான் தேடுகிறவனுக்கு என் பெண்ணைத் தருவதென்றால் அவன் முதலில் கார் வாங்கவேண்டும், பிறகுதான் கலியாணப் பேச்சு என்று முடித்தேன்.

"அப்ப நீங்கள் நனைஞ்சுதானே வந்தனீங்கள்?" என்று பவானி உள்ளேயிருந்து கேட்டாள். "எங்கட வீட்டு வாசலில தண்ணி வடிய வடிய நிண்டீங்கள். அப்பாதான் துவாய் தந்தவர்."

"அது வேற மழை," என்றேன்.

துளசி எழும்பினாள். என்னுடைய பிள்ளையல்லவா, அவளுக்கும் கோபம் வந்தால் இருக்க முடியாது. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நடந்தோம்.

"சரி, உங்களுக்கு எல்லாம் தெரியுமெண்டால் ஓடிக் காட்டுங்கோ. வாற ஞாயிறு அவற்ற வீட்டில எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கினம். நாங்கள் கார்ல போறம். நீங்கள் சைக்கிள்ல வாங்கோ, மழையில. காஞ்சுபோய் வந்தால் நானே அவரைக் கார் வாங்கச் சொல்லுறன். வாங்கும் மட்டும் கலியாணப் பேச்சு எடுக்கமாட்டன். நனைஞ்சு வந்தால் எல்லாருக்கும் முன்னால கலியாணத்துக்கு 'ஓம்' சொல்லவேணும். பிறகு கார் எண்ட சொல்லே வாயில வரக்கூடாது."

"எழுதிவை!" என்று கத்தினேன். "ஒரு சொட்டு மழையும் உள்ள போகாமல் வந்து நிப்பன் எண்டு எழுதிவை!"

அவள் அதை அப்படியே போனில் எழுதிக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். அரை மணித்தியாலத்துக்குள் கனடாவிலிருந்து என் தம்பி சிரிக்கிற முகம் பதினொன்று அனுப்பியிருந்தான்.

பவானி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் வெண்டால் சைக்கிள்ல நனையாமல் போகலாம் எண்டுதானே அர்த்தம். பிறகு அந்தப் பொடியனுக்குக் கார் எதுக்கு?"

நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டேன்.

அந்த ஒரு கிழமையும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலையிடத்தில் நின்றாலும் மனம் மழையில்தான். போனில் மழை நகரும் படம் ஒன்று வரும், பச்சையும் மஞ்சளுமாக. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அதை எடுத்துப் பார்ப்பேன். புதன்கிழமை வெயில். வியாழன் வெயில். ஜூலை மாதத்தில், நடு விண்டரில், மெல்பேர்னில் இரண்டு நாள் தொடர்ந்து வெயில் எறிப்பது எனக்கு எதிரான சதிபோல் பட்டது. மழை இல்லாவிட்டால் என் கெட்டித்தனத்தை எப்படிக் காட்டுவது? வெள்ளிக்கிழமை கோயிலில் நான் மழை வேண்டிக் கும்பிட்டதைப் பார்த்த ஒரு நண்பர், "என்ன தங்கராசா, தோட்டம் செய்யத் தொடங்கிட்டீரோ?" என்று கேட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் வானம் கறுத்தது. ஞாயிறு காலை எழும்பிப் பார்த்தால், தென்துருவத்திலிருந்து நேராக எங்கள் வீதிக்கு ஆள் அனுப்பியதுபோல் காற்றும் மழையும். மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. கொஞ்சம் குறைவாகக் கும்பிட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

என்னுடைய சைக்கிள், வீதியில் ஒரு வீட்டார் குப்பை லொறிக்கு எறிந்ததை நான் எடுத்து வந்து திருத்தியது. பிறேக் பிடிக்கும், மணி அடிக்கும். மட்காட் மட்டும் இரண்டு சில்லுக்கும் இல்லை. மழை மேலேயிருந்து வருவது, மட்காட் கீழே இருப்பது, அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

உடுப்பு விசயத்தில்தான் என் முழு மூளையையும் பாவித்தேன். முதலில் பெனியன். அதற்கு மேல் தடித்த பருத்தி உள்ளுடுப்பு. அதற்கு மேல் பவானி ஸ்திரி போட்டு வைத்த வெள்ளைச் சேட். (வாசலில் உறையைக் கழற்றியதும் இந்தச் சேட் பளிச்சென்று தெரியவேண்டும், கணக்கு மாஸ்டர் வாயடைத்துப்போகவேண்டும், அதுதான் திட்டம்.) அதற்கு மேல் ஒரு ஸ்வெற்றர். குளிரை நம்ப முடியாது என்று இன்னொரு ஸ்வெற்றர்.

அடுத்தது தேங்காய் எண்ணெய். எண்ணெய் பூசிய தோலில் தண்ணீர் ஒட்டாது, குளிரும் ஏறாது என்பது என் கண்டுபிடிப்பு. போத்தலுக்குள் எண்ணெய் மெழுகுதிரி மாதிரி உறைந்து கிடந்தது. சுடுதண்ணியில் வைத்து உருக்கி முகம், கழுத்து, காது, முக்கியமாக மீசை, எல்லாவற்றிலும் தாராளமாகப் பூசினேன். உறைந்து கிடந்த அந்தப் போத்தல் எனக்கு ஏதோ சொல்ல வந்தது. நான் காது கொடுக்கவில்லை, காதிலும் எண்ணெய்.

கடைசியாக, என் துறை. குப்பைப் பை. குப்பைப் பையைப் பற்றி இந்த நாட்டில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. பெரிய குப்பைத் தொட்டிக்குப் போடுகிற தடித்த கறுப்புப் பையை எடுத்து, தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி, மேலால் ஒன்று போட்டேன். கைகளுக்குத் தனித்தனிப் பை. கால்களுக்குத் தனித்தனிப் பை, பாதம்வரை, அதற்கு மேல் சப்பாத்து. கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் எல்லா இடமும் பெட்டி ஒட்டுகிற ரேப்பால் பவானியைச் சுற்றச் சொன்னேன். அவள் என்னைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். எங்கள் கலியாணத்தில்கூட இத்தனைதரம் சுற்றவில்லை.

"மேல விலாசம் எழுதட்டோ?" என்று கேட்டாள்.

"சிரி, சிரி. மத்தியானம் பாப்பம்."

"இடையில ஒண்டுக்கு வந்தால் என்ன செய்வீங்கள்?"

அதை நான் யோசிக்கவில்லை. அவள் கேட்ட அந்த நிமிடத்திலிருந்து எனக்கு வரத் தொடங்கியது.

கம்பெனியின் மஞ்சள் வெஸ்ற்றையும் மாட்டி, ஹெல்மெற்றுக்கு மேல் குளிக்கும்போது போடும் பிளாஸ்ரிக் தொப்பியைக் கவிழ்த்து, புறப்பட்டேன். துளசி வாசலில் நின்று பார்த்தாள். போனில் படம் மட்டும் எடுத்தாள்.

ஸ்பிரிங்வேலிலிருந்து முறம்பீனாவில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ரயில் பாதையை ஒட்டியே ஒரு சைக்கிள் பாதை போகிறது. சில இடங்களில் தண்டவாளத்தைத் தூணில் ஏற்றி ஆகாயத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள், பாதை அதற்குக் கீழே. அரசாங்கமே எனக்குக் குடை பிடிக்கிறது என்று கணக்குப் போட்டேன். மழை பக்கவாட்டில் வந்தால் குடை என்ன செய்யும் என்பதை அரசாங்கமும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

முதல் பத்து நிமிடம் நான் ராசா. மழை பையில் விழுந்து படபடவென்று அடிக்கிறது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. பின்சில்லு என் முதுகில் சேற்றால் கோடு இழுத்துக்கொண்டே வந்தது, இழுக்கட்டும், வெளியில்தானே. 'மூச்சு விடுற ஜக்கெற்றாம்' என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தேன்.

பதினைந்தாவது நிமிடம் லேசாகச் சூடாக இருந்தது. நல்லது, குளிர் தோற்றுவிட்டது என்று நினைத்தேன். இருபதாவது நிமிடம் முதுகில் ஏதோ ஊர்ந்தது. பையில் ஓட்டையோ என்று பயந்து தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. பிறகு நெஞ்சில் ஊர்ந்தது, பிறகு வயிற்றில். கிளேய்ற்றன் ஸ்டேசன் வரும்போது எனக்குள்ளே சின்னச் சின்ன ஆறுகள் ஓடத் தொடங்கியிருந்தன. வெளியே போக வழி தேடி, ரேப் ஒட்டிய இடங்களில் முட்டி, கடைசியில் எல்லாமாகச் சேர்ந்து கால் பைகளுக்குள் இறங்கின. ஒவ்வொரு மிதிக்கும் பாதத்தில் 'சளக்', 'சளக்' என்றது.

அப்போதும் நான் உண்மையை ஒத்துக்கொள்ளவில்லை. வேகமாகப் போனால் காற்றில் ஆறும் என்று இன்னும் உழக்கினேன். காற்று உள்ளே வர வழியில்லை என்பது மறந்துபோனது. நின்றால் வெளியே குளிர், உழக்கினால் உள்ளே அவியல்.

ஒரு வெள்ளைக்கார அம்மா, என்னைவிட வயது கூடவே இருக்கும், கூடை வைத்த சைக்கிளில் ஆறுதலாக என்னை முந்திக்கொண்டு போனா. ஜக்கெற்றின் கழுத்து ஸிப்பைக் கொஞ்சம் திறந்துவிட்டிருந்தா. திரும்பிப் பார்த்து, "ஸ்லோ டவுன், லவ், யூ ஆர் குக்கிங்!" என்றா. என் வேகத்தைப் பார்த்துப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஓக்லி ஸ்டேசன் வாசலில் மூச்சு வாங்குவதற்குச் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு ஓரமாகக் குந்தினேன். காலை மாற்றி மாற்றி வைத்தேன். (பவானி கேட்ட அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.) ஒரு இளம்பெண் என்னைக் கடந்து போனாள், நின்றாள், கடைக்குள் போனாள், சூடான கோப்பி ஒன்றோடு திரும்பி வந்து என் கையில் தந்தாள். "ஸ்டே வோர்ம், ஓகே?" என்று குனிந்து மிக அன்பாகச் சொன்னாள். விளையாட்டு வீரர்களுக்கு இந்த நாட்டில் எவ்வளவு மரியாதை என்று நெகிழ்ந்துபோனேன். நாலு வான்காரனை அவள் என்னவென்று நினைத்தாள் என்பது கோப்பியை முழுக்கக் குடித்து முடித்தபிறகுதான் விளங்கியது. அந்தக் கோப்பி உள்ளே போய், மிச்சமிருந்த வேர்வையையும் வெளியே அனுப்பியது.

நாற்பது நிமிடத்தில் போவேன் என்று சொன்னவன், ஒன்றரை மணித்தியாலத்தில் அவர்கள் வீட்டு மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தது நிரோஷனின் அம்மா, சரோ அக்கா. அவவுக்குப் பின்னால் பவானி, துளசி, கணக்கு மாஸ்டர். எல்லாருக்கும் பின்னால், கறிவேப்பிலை வாங்கச் சைக்கிளில் போய் என்னைவிட இரண்டு நிமிடம் முந்தி வந்த நிரோஷன், ஜக்கெற்றைக் கொழுவியில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். தலைமயிர் கொஞ்சம் ஈரம். மற்றபடி அலுமாரியிலிருந்து எடுத்த உடுப்புப் போல நின்றான்.

"வாங்கோ அண்ணை... ஐயோ, மீசைக்கு என்ன நடந்தது?"

வாசல் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு நாளைக்கு முன் கறுப்பு மை அடித்த என் மீசை வெள்ளை வெளேரென்று நின்றது. புருவமும் அப்படியே. குளிர்காற்றில் தேங்காய் எண்ணெய் உறைந்து, ஒன்றரை மணித்தியாலத்தில் எனக்கு எண்பது வயது ஆகியிருந்தது.

"அது கிறீம்," என்றேன்.

திட்டத்தைக் கைவிடவில்லை. மாஸ்டரைப் பார்த்து, "ஐயா, வெளியில என்ன மழை எண்டு பாத்தனீங்கள்தானே. இப்ப பாருங்கோ," என்று சொல்லிக் கழுத்து ரேப்பை இழுத்தேன். வரவில்லை. மணிக்கட்டு ரேப்பை இழுத்தேன். வரவில்லை. நல்ல ரேப், நானே மொத்தமாக வாங்கியது. வாசலில் நின்று என்னை நானே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். சரோ அக்கா பொறுக்கமாட்டாமல் குசினிக்குள் ஓடி, மீன் செட்டை வெட்டுகிற கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கழுத்திலிருந்து வயிறுவரை ஒரே வெட்டாக வெட்டினா.

பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி மூடியைத் திறந்ததுபோல் ஆவி கிளம்பியது. மாஸ்டரின் கண்ணாடி வெள்ளையாக மூடிப்போனது.

அந்த வெள்ளைச் சேட் வெளியே வரவேயில்லை. வந்தது ஈரத்துணிக் குவியல். இரண்டு ஸ்வெற்றரும் பிழிந்தால் ஒரு வாளி. போதாக்குறைக்கு, அவர்கள் வீட்டிலும் எங்கள் வீட்டைப் போலச் சப்பாத்தை வாசலில் கழற்றவேண்டும். கழற்றினேன். கால் பை பலூன்போல் தொங்கியது. சரோ அக்கா அதையும் வெட்டினா. வாசல் மிதியடி மிதந்தது.

எல்லாரும் குனிந்து நிலத்தைப் பார்த்தார்கள். பவானி மட்டும் மெதுவாக, "இஞ்சாருங்கோ... இது...?" என்றாள்.

"வேர்வை!" என்று கத்தினேன். "சத்தியமாய் வேர்வை! மழை ஒரு சொட்டும் உள்ள போகேல்லை! மாஸ்டர், வேணுமெண்டால் நக்கிப் பாருங்கோ, உப்பு!"

"தேவையில்லை, நம்புறன்," என்றார் மாஸ்டர், ஒரு அடி பின்னால் போய்.

நிரோஷன் துவாயை நீட்டினான். குளியலறை எந்தப் பக்கம் என்றும் காட்டினான். (நீண்டநேரம் நின்றேன். வாழ்க்கையில் அதுபோல ஒரு நிம்மதி இல்லை.) வெளியே வரும்போது இடுப்பில் மாஸ்டரின் சாரம், மேலே நிரோஷனின் மெல்லிய கம்பளிச் சேட். கம்பளி கடிக்கும் என்று நினைத்தேன், கடிக்கவில்லை. ஹீற்றருக்குப் பக்கத்தில் இருத்தித் தேத்தண்ணி தந்தார்கள். மீசையில் உறைந்திருந்த எண்ணெய் உருகி, கோப்பைக்குள் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று விழுந்து, வட்டம் வட்டமாக மிதந்தது. நான் பார்க்காத மாதிரிக் குடித்தேன்.

அப்போதுதான் துளசி போனை எடுத்து மேசையில் வைத்தாள். "அப்பா, நனைஞ்சிட்டீங்கள். சொல்லுங்கோ."

"எங்க நனைஞ்சனான்? எழுதினதை வாசி."

வாசித்தாள். 'ஒரு சொட்டு மழையும் உள்ள போகாமல் வந்து நிப்பன்.'

"நான் சொன்னது காஞ்சுபோய் வரவேணும் எண்டு!"

"எழுதினது அதில்லை!"

இரண்டு பேரும் எழும்பினோம், ஆனால் அடுத்தவர் வீட்டில் நடக்க இடமில்லை, நின்ற இடத்திலேயே கத்தினோம். மாஸ்டர் கையை உயர்த்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசலில் கிடந்த பைகளை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓட்டை இருக்கிறதா, ரேப் விட்டிருக்கிறதா, கழுத்தால் வழி இருந்ததா. பரீட்சைத் தாளைத் திருத்துகிற அதே முகம். நான் சாரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நேராக நின்றேன். ஐம்பது வருடமாகிவிட்டது, அந்த முகத்துக்கு முன்னால் நான் இன்னும் எட்டாம் வகுப்புத்தான்.

"எழுதினபடி பாத்தால்," என்றார் மாஸ்டர், "மழை உள்ள போகேல்லை. இந்தத் தண்ணி முழுக்க அவற்ற சொந்தத் தண்ணி. ஆகவே தங்கராசா வெண்டிட்டார்."

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கணக்கு மாஸ்டர் எனக்குச் சரி போட்டார்! துள்ளிக் குதித்திருக்கவேண்டும். சாரம் இடுப்பில் நிற்காததால் குதிக்கவில்லை.

துளசி போனைக் கவிழ்த்து வைத்தாள். கோபம் வந்தால் நடக்கிற பிள்ளை, அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நிரோஷன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "சரி அங்கிள். கார் வாங்குறன்," என்றான். முகம் கோணவில்லை. எழும்பி உள்ளே போனான்.

வென்ற பிறகு மனிதன் ஆறுதலாக இருக்கவேண்டும். எனக்கு முன்னதைவிட மோசமாக இருப்புக்கொள்ளவில்லை. கதிரையில் முன்னுக்கு இருந்தேன், பின்னுக்கு இருந்தேன். சரோ அக்கா சாப்பாடு எடுத்து வைக்கத் தொடங்கினா, கணவாய்க் கறி வாசம் வந்தது, எனக்குப் பசிக்கவில்லை. கை கழுவப் போகிற சாட்டில் எழும்பி, சாரத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன்.

உடுப்புத் தோய்க்கிற அறையில் நிரோஷன் நிலத்தில் இருந்தான். மடியில் என் சப்பாத்து. பழைய பேப்பரைக் கசக்கிக் கசக்கி அதற்குள் அடைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சப்பாத்தின் மணத்தை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. பத்தடி தள்ளி நின்ற எனக்கே கண் எரிந்தது.

"என்ன தம்பி செய்யிறீர்?"

"பேப்பர் ஈரத்தை இழுக்கும் அங்கிள். நீங்கள் சாப்பிட்டு முடிய இன்னொருக்கா மாத்திவிட்டால், போகேக்க காஞ்சிடும்."

"நான் கார்லதானே திரும்பிப் போகப்போறன்."

"கார்ல எண்டாலும் ஈரச் சப்பாத்தோட கால் குளிருமெல்லே?"

சொல்லிவிட்டு அடுத்த சப்பாத்தை எடுத்தான். ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் சொல்லவில்லை, கார் வாங்கச் சொல்லிச் சண்டை பிடித்தவனுடைய சப்பாத்து. நான் காலில் போட்டிருந்த மேசு இரண்டும் ஏற்கெனவே பிழிந்து, ஹீற்றருக்கு முன்னால் ஒழுங்காக விரித்திருந்தது.

திரும்பி வந்தேன். எல்லாரும் மேசையில் இருந்தார்கள். நான் இருக்கவில்லை.

"நான் நனைஞ்சிட்டன்," என்றேன்.

"அதுதான் பாத்துச் சொன்னனே, எழுதினபடி..." என்று மாஸ்டர் தொடங்கினார்.

"மாஸ்டர், நீங்கள் படிச்சனீங்கள். வெளியில இருந்து பாத்துச் சொன்னனீங்கள். உள்ளுக்க இருந்தவன் நான். நனைஞ்சிட்டன்."

துளசி நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப வாயால சொல்லுங்கோ."

"ஓம்."

"என்ன ஓம்?"

"எல்லாத்துக்கும் ஓம்! இனிச் சோத்தைப் போடுங்கோ, குளிருது!"

அவள் எழும்பி வந்து கட்டிப்பிடித்தாள், பிறகு தன் கையை மணந்து பார்த்து, "அப்பா, தேங்காய் எண்ணெய்..." என்று சிரிக்கத் தொடங்கினாள். பவானி அழுதாள், அவள் சிரித்தாலும் அழுதாலும் கண்ணால் தண்ணீர்தான். அந்தக் கோலத்தில்தான், மாஸ்டரின் சாரத்தோடும் மருமகனின் சேட்டோடும், அரைவாசி உருகிய மீசையோடும், சம்மந்திகளாக நாங்கள் எடுத்த முதல் படம் இருக்கிறது. பெரிதாக்கி அவர்கள் வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறார்கள். கழற்றச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறேன்.

கலியாணத்தில் மாஸ்டர் இந்தக் கதையைத் தமிழில் ஒருக்கா, இங்கிலீஷில் ஒருக்கா சொன்னார். என் கம்பெனிப் பொடியன்கள் பெரிய குப்பைப் பைக்கு 'பொஸ்ஸின்ர கோட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துளசிக்கும் நிரோஷனுக்கும் இன்னும் கார் இல்லை, முன்னால் பெட்டி வைத்த ஒரு சைக்கிள்தான். கார் என்ற சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை, 'நாலு சில்லு' என்று சொல்லிப் பார்த்தேன், அதற்கும் துளசி முறைக்கிறாள். மருமகன் எனக்கொரு மூச்சு விடுகிற ஜக்கெற் வாங்கித் தந்தான். அது விடட்டும், நான் தடுப்பதில்லை.

போன ஞாயிறு எங்கள் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். வெளியே மழை. எட்டு மாதப் பேரன் என் மடியில் இருந்தான். திடீரென்று நெளியத் தொடங்கினான், இந்தப் பக்கம் திரும்பினான், அந்தப் பக்கம் திரும்பினான், ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

"ஒருக்கா நப்பியைப் பாருங்கோ அப்பா," என்றாள் துளசி.

பேரனுடைய இடுப்பில் ஒட்டியிருந்த நப்பியை வெளியால் நன்றாகத் தடவிப் பார்த்தேன். மேல், கீழ், இரண்டு பக்கமும். இந்த விசயத்தில் எனக்கிருக்கும் அனுபவம் யாருக்கு இருக்கிறது? "காஞ்சு போய்த்தான் இருக்கு," என்று அடித்துச் சொன்னேன்.

அவள் வந்து ஒட்டியிருந்ததைப் பிரித்தாள். உள்ளே ஒரு குளம்.

"ஓமப்பா," என்றாள் துளசி, "ஒரு சொட்டு மழையும் உள்ள போகேல்லை."

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. பவானி கண்ணைத் துடைத்தாள். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துப் பேரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஏதோ வென்றவன்போல் ஒவ்வொருவராகப் பார்த்தான்.

அந்தப் பார்வை எங்கே இருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. என்னதான் சொன்னாலும், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.